ஐந்தாம் குஞ்சின் செட்டை

போன மாதம் என் பழைய வேலையிடத்திலிருந்து ஒரு நோர்வேஜியப் பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். ஏரியைச் சுற்றிப் புதிய அறிவிப்புப் பலகைகள் வைக்கப் போகிறார்களாம், ஆறு மொழிகளில். தமிழ் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "பறவைகளுக்கு உணவளிப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது" என்று அனுப்பியிருந்தாள். பிழையில்லை, வையுங்கள் என்றேன். நன்றி சொல்லிவிட்டு, "மற்றவர்கள் பாண்தான் போடுகிறார்கள். உங்கள் ஆட்கள் மட்டும் ஏன் சோறு கொண்டு வருகிறார்கள்?" என்று கேட்டாள். அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது வேறு கதை.

ஏரி கிழக்கு ஒஸ்லோவில் இருக்கிறது. பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். எழுதினால் அடுத்த சனிக்கிழமையே நாலு குடும்பம் பையும் கையுமாக வந்து நிற்கும். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்தானே.

அகதியாக வந்து முதல் ஆறு வருடம் வடக்கே ஒரு மீன் ஆலையில் கத்தி பிடித்தேன். முதுகு போனது, கல்யாணம் ஆனது, ஒஸ்லோவுக்கு இறங்கினேன். ஸ்டோவ்னரில் வீடு. ஒரு கோடை காலத்துக்குப் பூங்காக்களில் குப்பை பொறுக்கும் வேலை கிடைத்தது. அந்தக் கோடை இருபத்துமூன்று வருடம் நீண்டது. குப்பையிலிருந்து புல்வெட்டு, புல்வெட்டிலிருந்து ஏரிக்கரை, ஏரிக்கரையிலிருந்து பறவை. யாழ்ப்பாணத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் வாத்து எண்ணிச் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். என் மனைவியே கோயிலில் யாராவது கேட்டால் "அவர் இயற்கைப் பகுதியிலை" என்றுதான் சொல்லுவார்.

அங்கே என் மேலாளர் குன்வோர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்த, நெடிய, ஒல்லியான மனுஷி. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. முதல் மாதம் முழுக்க அவர் பக்கத்தில் போய் நின்று இருமி இருமியே காலத்தை ஓட்டினேன். ஒருநாள் அவர் திரும்பி, "சிவா, உனக்குத் தொண்டையில் ஏதாவது வருத்தமா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலையில் எண்ணிக்கை. அதற்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு ஒரு பூசை ஒழுங்கு. தெற்குக் கரையில் ஒரு தட்டைக் கல், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு இனத்தையும் மூன்று தரம் எண்ண வேண்டும். மூன்று எண்ணும் வேறுவேறாக வந்தால் கூட்டிப் பிரித்து நடுவில் ஒன்றை எழுதக் கூடாது, மூன்றையும் எழுத வேண்டும். பேனா கூடாது, மழையில் எழுதாது என்பதால் பென்சில். எண்ணி முடியும் வரை பேச்சில்லை. முடிந்த பிறகு அவர் பையிலிருந்து பழுப்புச் சீஸ் வைத்த பாணை எடுத்து, ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தின்பார். "நாம் சாப்பிடுவதைப் பறவைகள் பார்க்கக் கூடாது. கை வாய்க்குப் போவதைக் கண்டால் கரைக்கு வரும்" என்பார். நானும் புட்டுப் பெட்டியோடு அதேபோல முதுகு காட்டி உட்காருவேன். எங்களைப் பார்த்த யாரும் இரண்டு பேருக்கும் சண்டை, அதுவும் ஏரியோடு சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பறவைகளுக்குப் பெயர் வைக்க அவர் விடமாட்டார். காலில் வளையம் இருந்தால் வளைய எண், இல்லாவிட்டால் பொரித்த வரிசை, அவ்வளவுதான். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பிழை விட்டால், "எப்போது முதலில் கண்டாய்?" என்று மட்டும் கேட்பார். பிறகு பதில் வரும் வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பதிலாக நாலு ஏச்சு வாங்கலாம் என்றிருக்கும்.

பறவைகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதை அவரிடமும் அந்த ஏரியிடமும்தான் கற்றேன். பச்சைத்தலை வாத்து முழுகாது. தலையைத் தண்ணீருக்குள் குத்தி, வாலை வானத்துக்குக் காட்டி, எட்டிய வரை மேயும். முக்குளிப்பான் நேரே முழுகி மீனோடு இன்னோரிடத்தில் எழும்பும். அது தன் இறகையே பிடுங்கித் தின்னும், குஞ்சுக்கும் ஊட்டும். மீன் முள் வயிற்றைக் குத்தாமல் இருக்க அதுதான் மெத்தை என்று சொல்கிறார்கள். நெற்றியில் வெள்ளை பூசிய நாமக்கோழிக்கு விரலிடைச் சவ்வு கிடையாது, ஒவ்வொரு விரலிலும் தனித்தனி மடல். எழும்பிப் பறப்பதென்றால் தண்ணீர் மேல் படபடவென்று ஓடித்தான் எழும்பும். பிறகு பக்கத்துக் குடும்பத்தோடு சண்டைக்குப் போகும்.

அன்னம் வேறு கதை. அது கழுத்தின் நீளத்தை நம்பி வாழ்கிறது. அடியில் இருக்கும் நீர்ச்செடியை இழுத்து மேயும். குஞ்சுக்குக் கழுத்து எட்டாது. அதனால் தாயும் தகப்பனும் நின்ற இடத்திலேயே காலால் தண்ணீரை மிதித்துக் கலக்கும், அடியிலிருந்து கிளம்பி வருவதைக் குஞ்சுகள் மேலே பொறுக்கித் தின்னும். அன்னம் பாலையும் தண்ணீரையும் பிரித்துக் குடிக்கும் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் படிப்பித்தார்கள் என்று ஒருநாள் குன்வோரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்னத்தின் சொண்டுக்குள்ளே ஓரமாக இருக்கும் சீப்புப் போன்ற பற்களைப் படத்தில் காட்டி, "தண்ணீரை வெளியே விட்டு இரையை உள்ளே வைக்கும். உங்கள் ஆட்கள் பாதி சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்" என்றார்.

இனிச் சோற்றுக்கு வருகிறேன். விரத நாளிலும் திவச நாளிலும் நாங்கள் சாப்பிட முன்னம் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்போம். ஸ்டோவ்னரில் எட்டாம் மாடி. பால்கனியில் வைத்தால் கடற்காகம் வந்து கூத்தாடும், கீழ் வீட்டுக்காரர் முறைப்பாடு எழுதுவார். பால்கனியில் உணவு வைக்கக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதமே வந்தது. என்னைப் பெற்ற ஐயாவின் திவசத்துக்கு என்ன செய்வது? படைத்த சோற்றைப் பெட்டியில் போட்டு வேலைக்குக் கொண்டு போய், குன்வோர் இல்லாத நேரம் பார்த்து ஏரிக்கரையில் வைத்தேன். காகம் வரவில்லை. வாத்து வந்தது. ஐயா இருக்கும்போதும் எதையும் நேரே வந்து வாங்க மாட்டார், ஆளைத்தான் அனுப்புவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இதைக் கோயிலில் இரண்டு பேருக்குச் சொன்னேன். இரண்டு இருபதானது. "சிவா அங்கைதானே வேலை, பிரச்சினை இல்லை" என்று எனக்கே வந்து சொன்னார்கள்.

அப்படி வந்தவர்தான் பரமேஸ் அக்கா. மகளோடு ஸ்டோவ்னரில் இருந்தார். அப்போது அறுபது வயதிருக்கும். அவரது மகன் வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். உடலும் இல்லை, கடிதமும் இல்லை. ஆனால் கதைக்குக் குறைவில்லை. ஒருவர் முகாமில் கண்டேன் என்பார், இன்னொருவர் தாய்லாந்துக்குப் போய்விட்டான் என்பார். ஸ்தவாங்கரில் இருக்கும் ஒரு பெடியன் படகில் ஏறக் கண்டதாகச் சொன்னானாம். அக்கா ரயில் ஏறி அங்கே போய் அவனைக் கேட்டார், அவன் ஆள் மாறிச் சொல்லிவிட்டேன் என்றானாம்.

மற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்தார்கள். அக்கா தினமும் வந்தார். ரயில், பிறகு பஸ், பிறகு பத்து நிமிட நடை. பெட்டியைத் திறந்து, குழைத்த சோற்றை உருண்டை உருண்டையாக நீரோரத்தில் வைப்பார்.

ஒருநாள் நான் மெதுவாக, "அக்கா, ஒவ்வொரு நாளும் வேண்டாமே. திவசத்தண்டு மட்டும்..." என்று தொடங்கினேன்.

"திவசமோ?" என்றார். "இருக்கிறவனுக்கு ஆரும் திவசம் செய்வினமோ தம்பி? நான் அதுக்குப் போடேல்லை. அவன் எங்கை இருந்தாலும் பசி கிடக்கக் கூடாது. இஞ்சை நான் ஒரு வாய்க்குக் குடுத்தா, அங்கை அவனுக்கும் ஆரும் குடுப்பினம்."

"ஓம் அக்கா, கொஞ்சமாப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலையில் நான் விட்ட பிழைகளில் பெரியது அதுதான்.

அந்த வருடம் அன்னச் சோடிக்கு ஐந்து குஞ்சு. கடைசியாகப் பொரித்த ஐந்தாவது சிறியது, துணிந்தது. பெற்றவை மிதித்துக் கலக்கும் தண்ணீரில் நாலும் பொறுக்க, அது மட்டும் கரைக்கு நீந்தி வந்து அக்காவின் காலடியில் நிற்கும். கையிலிருந்தே வாங்கித் தின்னும். அக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

குன்வோருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, யூலையிலிருந்து விடுப்பு. செவ்வாய் எண்ணிக்கை என் தலையில். ஆகஸ்ட் இரண்டாவது செவ்வாய் தட்டைக் கல்லில் நின்று தூரக்கண்ணாடியால் பார்க்கிறேன், ஐந்தாம் குஞ்சின் இடது செட்டையில் ஒரு இறகு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியும். குன்வோர் படிப்பித்த பாடம்தான். குஞ்சு அளவுக்கு மிஞ்சிய மாப்பொருள் தின்றால் உடம்பு அவசரமாக வளர்கிறது. புதிய இறகுகள் இரத்தம் நிறைந்து பாரமாக முளைக்கின்றன, மணிக்கட்டு எலும்பு அதைத் தாங்க முடியாமல் வெளிப்பக்கம் முறுகிவிடுகிறது. இதற்குச் சோறும் பாணும்தான் காரணம் என்று எவரும் சத்தியம் செய்ய மாட்டார்கள், ஆனால் தீனி போடும் இடங்களில்தான் அதிகம் காண்கிறார்கள். முதல் நாட்களிலேயே பிடித்து, செட்டையை மடித்து உடம்போடு சேர்த்துக் கட்டுப் போட்டால் சில நாளில் நேராகிவிடும். விட்டால் எலும்பு அப்படியே இறுகிவிடும், பிறகு பறப்பு இல்லை.

தெரிந்தும் விட்டேன். எண்ணிக்கைப் புத்தகத்தில் "அன்னக்குஞ்சு ஐந்து" என்று எழுதி, குறிப்பு எழுதும் இடத்தை வெறுமையாக விட்டேன். எழுதினால் அலுவலகம் கேட்கும், யார் தீனி போடுகிறார்கள் என்று தேடும், அக்காவைத் தடுக்கும். அடுத்த செவ்வாய் எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் இரண்டு இறகு நின்றது, அப்போதும் எழுதவில்லை. இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பயம்.

ஒக்டோபர் தொடக்கத்தில் குன்வோர் ஊன்றுகோலோடு வந்தார். தட்டைக் கல்லில் நின்று ஒருமுறை பார்த்தார். புத்தகத்தை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு செவ்வாயும் வெறுமை.

"எப்போது முதலில் கண்டாய்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "ஆகஸ்ட் இரண்டாவது செவ்வாய்" என்றேன்.

அவர் பென்சிலை என்னிடம் நீட்டினார். "அப்படியானால் அந்தச் செவ்வாயில் எழுது."

இரண்டு மாதம் பிந்தி அந்தப் பக்கத்தில் எழுதினேன். எழுதி முடிய, ஐயாவின் சோற்றிலிருந்து அக்காவின் மகன் வரை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. குன்வோர் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு, "அந்தப் பெண்ணிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவருக்குச் சட்டம் மட்டும்தான் கேட்கும்" என்றார். வேறு ஒன்றும் இல்லை. அன்று மத்தியானம் அவர் தன் பாணில் பாதியைத் தின்னாமல் மடித்து வைத்ததைக் கண்டேன்.

நான் அக்காவிடம் சொன்னேன், ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. "அலுவலகத்திலை பாக்கினம் அக்கா, கொஞ்ச நாளைக்குச் சோறு வேண்டாம்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் வந்தார். பெட்டியைத் திறக்காமல் கரையோர மர வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மூடியபடியே திருப்பிக் கொண்டு போனார்.

நவம்பரில் ஓரங்களில் ஐஸ் கட்டத் தொடங்கியது. அன்னம் இருந்த இடத்தில் எழும்பாது, நீண்ட ஓட்டம் வேண்டும். தாயும் தகப்பனும் நாலு குஞ்சும் ஒரு காலையில் தண்ணீரை அடித்து ஓடி, கடல் உள்நுழைந்த ஃபியோர்டுப் பக்கம் எழும்பிப் போயின. ஐந்தாவதும் ஓடியது. வலது செட்டை காற்றைப் பிடித்தது, இடது பிடிக்கவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சுழன்று விழுந்தது. திரும்பவும் ஓடியது. அன்று அது எத்தனை தரம் ஓடியது என்று நான் எண்ணினேன், அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

திறந்த தண்ணீர் நாளுக்கு நாள் சுருங்கியது. ஐஸ் இறுகினால் நரி நடந்து வரும். பறக்க இயலாத காட்டுப் பறவையை அடைத்து வளர்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. முடிவை எடுக்க வேண்டியவர்கள் எடுத்தார்கள். மிருக வைத்தியர் வியாழக்கிழமை வருவதாக இருந்தது.

"பிடிக்க வேறு ஆளைப் போடுகிறேன்" என்றார் குன்வோர்.

"வேண்டாம். நான் பிடிக்கிறேன்" என்றேன்.

அன்னத்தைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. கரையில் குந்தியிருந்து அழைக்க வேண்டும், எழும்பி நிற்கக் கூடாது. கிட்ட வந்ததும் ஒரு கை கழுத்தடியில், மற்றக் கை இரண்டு செட்டைக்கும் மேலால். அடிக்க விடாமல் மடித்து, நெஞ்சோடு அணைத்து, தலை பின்பக்கம் பார்க்க அக்குளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அது என்னை நம்பி வந்தது. மனிதன் குந்தினால் சோறு வரும் என்று அதற்குப் பழக்கம். எட்டுக் கிலோ இருக்கும். இறகுக்குள்ளே சரியான சூடு. வைத்தியர் முதலில் மயக்க ஊசி போட்டார், பிறகு காலில் கடைசி ஊசி. கழுத்து மெல்ல இளகி என் முழங்கையில் சாய்ந்தது. குன்வோர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் அழுதேன். ஐயா செத்தபோது ஊருக்குப் போக முடியாமல் மீன் ஆலையில் நின்று அழுததற்குப் பிறகு, இந்த நாட்டில் வேலை நேரத்தில் அழுதது அன்றுதான்.

ஐந்து நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். வாங்கில் இருந்து ஏரியைப் பார்த்தார்.

"அந்தச் சின்னன் எங்கை தம்பி?"

"பறந்திட்டுது அக்கா. தாயோடை போயிட்டுது."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அந்தச் செட்டையோடையோ?"

நான் கையிலிருந்த எண்ணிக்கைப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"எனக்கு எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம். போயிட்டானாம், கண்டவையாம், எங்கையோ இருக்கிறானாம். நீரும் எனக்கு அப்பிடிச் சொல்லாதையும்."

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்ட், வெறுமையாக விட்ட குறிப்பு, ஐஸ், ஊசி, ஒன்றும் விடாமல்.

"என்ரை சோறாலையோ?"

"சோறும்தான் அக்கா. ஆனா நான் கண்டவுடனை சொல்லியிருந்தா கட்டுப் போட்டுத் தப்ப வைச்சிருக்கலாம். உங்களுக்குச் சொல்லப் பயந்து விட்டிட்டன். பிழை என்ரை."

கைக்குட்டையை எடுத்தார், கண்ணைத் துடைக்கவில்லை, சும்மா மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நேரம் ஆர் வைச்சிருந்தது?"

"நான்தான். நெஞ்சோடை பிடிச்சிருந்தனான்."

"பதகளிச்சுத் துடிச்சதோ?"

"இல்லை அக்கா. நித்திரை மாதிரித்தான். தலை என்ரை கையிலை சரிஞ்சுது."

"அப்ப ஒராள் பக்கத்திலை இருந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். குலுங்கிக் குலுங்கி, இத்தனை வருடத்தில் நான் காணாத அழுகை. கடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சோற்றுப் பெட்டி விழாமல் பிடித்துக்கொண்டேன். அழுது முடிந்ததும், "எண்டைக்கு நடந்தது?" என்று கேட்டார். போன வியாழன் என்றேன். விரலில் ஏதோ எண்ணிப் பார்த்தார். "கார்த்திகை, தேய்பிறைத் தசமி" என்று தனக்குள் சொன்னார். எழும்பி, பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு அவர் ஏரிக்கு வரவில்லை.

அடுத்த வருடம் கார்த்திகையில் அக்காவின் மகள் போன் எடுத்தாள். "மாமா, அம்மா உங்களைக் கட்டாயம் சாப்பிட வரட்டாம். அண்ணாவின்ரை திவசம்."

ஏதும் செய்தி வந்ததா என்று பதறிக் கேட்டேன். "ஒண்டும் வரேல்லை. அம்மாவே நாள் சொன்னவா. தேய்பிறைத் தசமியாம். ஏன் எண்டு கேட்டா சொல்லுறா இல்லை" என்றாள். அந்தத் திதி எது என்று எனக்குத் தெரியும்.

போனேன். சுவரில் பெடியனின் படம், முதல் தடவையாக மாலையோடு. குறொன்லாண்டுக் கடையில் வாங்கிய வாழையிலையை விரித்து அக்கா தன் கையால் பரிமாறினார். சோற்றைப் பிசைந்துவிட்டு வாயில் வைக்க முடியாமல் இருந்தேன். அவர் என் முன்னால் குனிந்து இன்னும் ஒரு அகப்பை போட்டார்.

"கடைசியிலை பக்கத்திலை இருந்தது நீர்தானே" என்றார். "வடிவாச் சாப்பிடும், தம்பி."